பாதி தேய்ந்த மலிவு டயர் மழைக்குத் தாங்குமா?

வாசகி ஒருவரின் கேள்வி:

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். போக வர 90 கிலோமீட்டர். உடன் மூன்று ஆசிரியைகள் வருகிறார்கள். காருக்கு ஒன்பது வயதாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதிகம் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் டயர்கள் நான்கை, ஒன்று 2,700 ரூபாய் என்று வாங்கிப் போட்டேன். பெயர் பெற்ற நிறுவனத்தின் டயர் அப்போது 4,200 ரூபாய் சொன்னார்கள். இதுவரை 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. தொடக்கத்தில் மழையிலும் நன்றாகத்தான் இருந்தன. போன வாரம் திடீரென்று பெய்த மழையில், ஒரத்தநாடு தாண்டி, தேங்கிய நீரில் ஏறியபோது ஸ்டியரிங் ஒரு நொடி கையில் கனமே இல்லாமல் போயிற்று. நான் இயற்பியல் ஆசிரியை. ஆய்வகத்தில் நுண்ணிய நீளங்களை அளக்கும் வெர்னியர் கருவியின் பின்புறக் கம்பியை விட்டு டயரின் பள்ளங்களை அளந்தேன். முன் டயர்கள் இரண்டிலும் வெளிப்பக்கம் 3.2 மில்லிமீட்டர், நடுவில் 3.4, உட்பக்கம் 2.1. பின் டயர்களில் எல்லா இடத்திலும் 4.3. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாராளமாகப் போகும் என்கிறார் டயர் கடைக்காரர். மகன் உடனே மாற்றச் சொல்கிறான். இந்த மாதம் இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றிவிடுங்கள் அம்மா. முன்சக்கரங்களில் உள்ள இரண்டையும் ஐப்பசி அடைமழைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். இரண்டு டயர் வாங்கும் பணத்திலேயே இந்த மழைக்காலத்தைப் பாதுகாப்பாகக் கடக்க வழி இருக்கிறது. ஆனால் வாங்கும் இரண்டை எங்கே மாட்டுவது என்பதில் கடைக்காரரோடு நீங்கள் சற்று வாதாட வேண்டியிருக்கும். அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். கணக்கு போட்டுச் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அனுபவத்தைப் பார்ப்போம். ஸ்டியரிங் ஒரு நொடி கனம் இழந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நொடியில் முன் டயர்கள் சாலையைத் தொடவில்லை, அல்லது அரைகுறையாகத்தான் தொட்டன. ரப்பருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் ஆப்பு போல நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிட்டது. நீங்கள் பிரேக்கை மிதிக்காமலும் ஸ்டியரிங்கை வெட்டாமலும் இருந்திருக்கிறீர்கள். அதனால்தான் வண்டி நேராகவே போய் மறுபடி சாலையைப் பிடித்துக்கொண்டது. நிதானமாக ஓட்டியிருக்கிறீர்கள், நல்லது.

புதிதாக இருந்தபோது நன்றாக ஓடிய டயர் ஏன் இப்படி ஆனது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி. மலிவு டயரைப் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். மலிவு டயர் கடையிலிருந்து வந்த அன்றே மோசமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து ஒரு குறையும் தெரியவில்லை என்றால், விலை அதிகமான டயர் வெறும் பெயருக்குத்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பது பெரும்பாலும் உண்மைதான். தேயத் தேயத்தான் அந்த இடைவெளி விரியும். நீங்கள் இப்போது அந்த விரிந்த இடத்தில் நிற்கிறீர்கள்.

என் கடையில், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் எந்திரத்துக்குப் பக்கத்தில், மேசைமேல், ரம்பத்தால் குறுக்கே அறுத்த இரண்டு டயர்த் துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று மலிவு டயர், மற்றொன்று தரமானது. அகலம் ஒன்றே, இரண்டும் ஓடாத புதிய டயர்கள். மேலிருந்து பார்த்தால் அக்கா தங்கை போல இருக்கும். பக்கவாட்டில் திருப்பி, அறுத்த முகத்தைப் பார்த்தால்தான் கதை வேறு. தரமான டயரில் பள்ளத்தின் வாய் 9 மில்லிமீட்டர், அடிப்பகுதி 7. மலிவு டயரிலும் வாய் அதே 9தான். அடிக்குப் போகும்போது புனல் போலக் குறுகி 4 ஆகிவிடுகிறது. இரண்டிலும் ஆழம் 7.5.

இதைக் கரும்பலகையில் சரிவகமாக வரைந்து பாருங்கள். புதிய நிலையில் மலிவு டயரின் ஒரு பள்ளத்தின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 49 சதுர மில்லிமீட்டர், தரமானதில் 60. கால் பங்குக்குக் குறைவான வேறுபாடுதான், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இப்போது இரண்டையும் 3.2 மில்லிமீட்டர் மிச்சமாகும்வரை தேயுங்கள். மலிவு டயரில் 16 சதுர மில்லிமீட்டர் எஞ்சும். தரமானதில் 24. தேய்மானம் ஒன்றாக இருந்தும், தண்ணீர் போக எஞ்சிய வழி தரமானதில் ஒன்றரை மடங்கு. உங்கள் வெர்னியர் இரண்டிலும் 3.2 என்றுதான் காட்டும்.

தண்ணீரின் கணக்கையும் போட்டுவிடுவோம். உங்கள் காரின் டயர் சாலையைத் தொடும் அகலம் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். சாலையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால்கூட, ஒவ்வொரு டயரும் விநாடிக்கு 2.6 லிட்டரை வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். அப்படி நான்கு பள்ளங்கள் உள்ள மலிவு டயர், புதிதாக இருந்தபோது தன் பள்ளங்களுக்குள்ளேயே விநாடிக்கு 4.3 லிட்டரை வாங்கிக்கொள்ளும். 3.2க்கு வந்த பிறகு வாங்கிக்கொள்வது 1.4 லிட்டர். மீதித் தண்ணீர் பக்கவாட்டில் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். வேகம் கூடக் கூட அதற்கு நேரம் கிடைக்காது. அப்போது டயர் தண்ணீர்மேல் ஏறிக்கொள்கிறது. ஒரத்தநாட்டில் நீங்கள் ஏறிய தேக்கம் ஒரு மில்லிமீட்டரைவிட ஆழமாகத்தான் இருந்திருக்கும். இது எளிய கணக்கு, டயரின் உண்மையான நடத்தை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதைக் கணக்கு சரியாகவே காட்டுகிறது.

பள்ளத்தோடு விஷயம் முடிவதில்லை. கடைகளில் நாங்கள் பட்டன் என்று சொல்லும் அந்த மேல்தளக் கட்டைகளில், பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். கவனித்திருப்பீர்கள். பள்ளங்கள் பெரும் தண்ணீரை வெளியேற்றுகின்றன. மிச்சமிருக்கும் ஈரப்படலத்தைத் துடைத்து எடுப்பது இந்தக் கீறல்கள்தான். ஈரத்துணியால் தரையைத் துடைத்த பிறகும் ஒரு வழுக்கல் இருக்கிறதல்லவா, அந்த வழுக்கலை உடைப்பது இவற்றின் வேலை. நல்ல டயரில் இந்தக் கீறல்கள் பள்ளத்தின் அடிவரை, அல்லது அதற்குச் சற்று மேல்வரை இறங்கும். அவ்வளவு ஆழமாகக் கீறினால் கட்டை ஆடும், சீக்கிரம் பிய்யும். அதைத் தடுக்க டயரை வார்க்கும் அச்சில் நுணுக்கமான தகடுகள் வேண்டும், செலவு கூடும். எனவே மலிவு டயர்கள் பலவற்றில் கீறல் மூன்று, நான்கு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பாதி தேய்வதற்குள் அவை மறைந்துவிடும். நாளைக் காலையில் உங்கள் முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பெரிய பள்ளங்கள் இருக்கும். கீறல்கள் இருந்த இடத்தில் வழவழவென்று வெறும் ரப்பர்தான் தட்டுப்படும் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கியபோது எடுத்த புகைப்படம் ஏதேனும் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே டயர் என்று நம்பவே கடினமாக இருக்கும்.

அடுத்தது ரப்பர். டயர் ரப்பருக்கு வலு சேர்க்கக் காலங்காலமாகச் சேர்த்து வருவது கார்பன் பிளாக் என்ற கரி. டயர் கறுப்பாக இருப்பதே அதனால்தான். 1990களின் தொடக்கத்திலிருந்து, கார் டயரின் மேல்தளக் கலவையில் கரியின் பெரும்பங்கை எடுத்துவிட்டு சிலிக்கா சேர்க்கும் முறை பரவியது. சிலிக்கா சேர்த்த ரப்பர் ஈரச் சாலையை நன்றாகப் பிடிக்கும். உருளும்போது ஆற்றலையும் குறைவாகவே வீணாக்கும். ஆனால் சிலிக்கா ரப்பரோடு எளிதில் ஒட்டாது. தனி வேதிப்பொருள் சேர்த்து, வெப்பநிலையைக் கவனித்து, நேரம் எடுத்துக் கலக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் தொழிற்சாலை முதலில் கைவைக்கும் இடம் இதுதான். அதோடு, நம் ஊரில் டயர் வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது. ஈரத்தில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்பதைத்தானே சந்தை கொடுக்கும்? எனவே கடினமான ரப்பரைக் கொடுக்கிறது. தேயாது, அதே சமயம் பிடிக்கவும் பிடிக்காது.

அந்தக் கடினமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கலவையில் உள்ள எண்ணெய் மெல்ல மெல்ல வெளியேறுகிறது, வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்குகின்றன. தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் பள்ளி மைதானத்தில் நாள் முழுதும் நிற்கும் காரின் டயர் என்ன பாடுபடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில் பார்ப்போம். புதிய கார் டயரில் ஊசி 60, 65 என்று காட்டும். மூன்று, நான்கு ஆண்டு வெயிலில் நின்ற மலிவு டயர்களில் 75ஐத் தாண்டிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாது, மேசையில் அழுத்துவது போல இருக்கும். ஆக, உங்கள் டயரில் பள்ளம் ஆழம் குறைந்து, வாயும் குறுகி, கீறல் மறைந்து, ரப்பரும் இறுகியிருக்கிறது. நான்கும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. வெர்னியர் இவற்றில் முதலாவதை மட்டும்தான் அளக்கும்.

கடைக்காரர் சொன்ன 1.6 மில்லிமீட்டர் சட்ட அளவு என்பது சரிதான். பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் தோள்பட்டையில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். மேல்தளம் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 ஆகிவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே போனால் அந்த டயர் சாலைக்கே வரக்கூடாது. சட்டம் சொல்வது அவ்வளவுதான். அதுவரை மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்லவில்லை.

அமெரிக்காவில் டயர் ராக் என்ற டயர் விற்பனை நிறுவனம் முன்பு ஒரு சோதனை செய்தது. நனைந்த தளத்தில், மணிக்கு 70 மைல், அதாவது 113 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை ஓட்டி, பிரேக்கை முழுதாக மிதித்தார்கள். புதிய டயரில் கார் சுமார் 60 மீட்டரில் நின்றது. 3.2 மில்லிமீட்டர் மிச்சமுள்ள டயரில் 88 மீட்டர். 1.6 மில்லிமீட்டரில் 115 மீட்டர். உங்கள் அளவும் அதே 3.2 என்பதால் இதைச் சொல்கிறேன். வேகம் சீராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். புதிய டயர் போட்ட கார் நின்றுவிட்ட அதே இடத்தை, 3.2 டயர் போட்ட கார் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும். நீங்கள் அவ்வளவு வேகமாக ஓட்டுபவர் அல்ல என்பது கடிதத்திலேயே தெரிகிறது. வேகம் குறைந்தால் மீட்டர்கள் குறையும், ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடாது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுவது நியாயம். 3 மில்லிமீட்டரிலேயே டயரைத் தூக்கி எறிவது ரப்பரையும் பணத்தையும் வீணாக்குவது என்று மிஷலின் நிறுவனம் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறது. நன்றாக வடிவமைத்த டயர் 1.6 வரை ஈரத்தில் போதிய பிடிப்பைக் கொடுக்கும், எனவே டயர்களைத் தேய்ந்த நிலையிலும் சோதிக்க வேண்டும் என்பது அவர்களின் கட்சி. கான்டினென்டல் நிறுவனமோ, கோடைக்கால டயரை (பனிக்கு என்று தனியாகச் செய்யாத டயரை) 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கிறது. இரண்டும் டயர் விற்பவர்கள் சொல்வதுதான். ஆனால் தேய்ந்த டயரைச் சோதிக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு முழுக்க ஏற்புடையது. ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2024 ஜூலை முதல், அங்கே புதிதாக ஒப்புதல் கேட்டு வரும் கார் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும். நம் நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலையில் ஈரப்பிடிப்புச் சோதனை இருக்கிறது, 2022இல் அதைக் கட்டாயமாக்கும் அறிவிப்பும் வந்தது. ஆனால் அது புதிய டயருக்கான சோதனை. தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதை இங்கே வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். ஆறு மாதம் மட்டும் ஓட்டிவிட்டு எறிவதற்காக யாரும் டயர் வாங்குவதில்லையே!

ஆகவே எல்லா டயரையும் 3 மில்லிமீட்டரில் கழற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தரமான டயரில், பள்ளம் சீராகத் தேய்ந்து, கீறல்கள் இன்னும் தெரிகின்றன என்றால், கோடை முழுவதும் 2 மில்லிமீட்டர் வரை ஓட்டுங்கள் என்றே சொல்வேன். உலர்ந்த சாலையில் தேய்ந்த டயர் புதியதைவிட மோசமும் அல்ல. கட்டைகள் குட்டையாகிவிடுவதால் ஆட்டம் குறைந்து, நன்றாகவே பிடிக்கும். எரிபொருளும் சற்று மிச்சமாகும். இதனால்தான் தேய்ந்த மலிவு டயர் ஆளை ஏமாற்றிவிடுகிறது. தை முதல் ஆவணி வரை அது உங்களிடம் ஒரு குறையும் காட்டாது.

இப்போது உங்கள் அளவுகளுக்கு வருகிறேன். எல்லாரும் 3.2ஐப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த 2.1. நடுவில் 3.4, உள்ஓரத்தில் 2.1 என்றால், இரண்டு முன்சக்கரங்களும் உள்ஓரத்தில் சாலையைத் தேய்த்துக்கொண்டே போகின்றன. அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. ஒன்பது ஆண்டு ஓடிய காரில் வெறும் அலைன்மென்ட் மட்டும் காரணமாக இருக்காது. முன்சக்கரத்தைத் தாங்கவும் திருப்பவும் உதவும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை மூன்றையும் தூக்கிவைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், எந்திரத்தில் பச்சை விளக்கு எரியும், கடை வாசலில் உள்ள முதல் பள்ளத்தில் இறங்கியதும் பழைய கோணத்துக்கே போய்விடும். புதிய டயரும் ஆறு மாதத்தில் இப்படியே ஆகிவிடும். எனவே பழுது பார்ப்பது முதலில், டயர் மாற்றுவது அடுத்து, அலைன்மென்ட் கடைசியில். அலைன்மென்ட் முடிந்ததும், செய்வதற்கு முன் இருந்த அளவு, பின் இருந்த அளவு இரண்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த உள்ஓரம், கார் நிற்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, குனிந்து பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பத்தாயிரம் கிலோமீட்டர் சொல்லியிருக்க வேண்டும். உள்ஓரம் வரை அளந்து பார்த்த உங்கள் பொறுமைக்கு என் பாராட்டு. டயர் தொழிலில் இருப்பவர்களே பலர் அப்படி அளப்பதில்லை.

இரண்டு டயர் வாங்குங்கள். அவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் 4.3 மில்லிமீட்டர் டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். கடைக்காரர் மறுப்பார். "என்ஜின் இழுப்பது முன்சக்கரம், ஸ்டியரிங் முன்சக்கரம், புதியதைப் போய் யாராவது பின்னால் போடுவார்களா?" என்பார். நம் ஊர்ப் பழக்கம் அதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஈரத்தில் முன்சக்கரம் பிடிப்பு இழந்தால், உங்களுக்கு நடந்தது போல ஸ்டியரிங் லேசாகும், வண்டி நேராகப் போகும். கைக்குத் தகவல் வந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்புகிறது. பின்சக்கரம் பிடிப்பு இழந்தால் முன்கூட்டி ஒரு தகவலும் வராது. வளைவில் வால் வெளியே வீசும். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் வண்டி குறுக்கே திரும்பி நிற்கும். அதைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கே கடினம். எனவே இரண்டு மட்டும் வாங்கினால் நல்ல ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். பெரிய டயர் நிறுவனங்கள் சொல்வதும் இதையே. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகை டயர் இருக்க வேண்டும், அது மட்டும் தவறக்கூடாது.

இன்னொரு யோசனை யாராவது சொல்லக்கூடும்: ஸ்டெப்னியை இறக்கிப் பயன்படுத்திக்கொண்டு ஒரே ஒரு டயர் வாங்கினால் போதுமே என்று. ஸ்டெப்னி காரோடு வந்தது என்றால் அதற்கும் ஒன்பது வயது. பட்டன் புத்தம் புதிதாக இருக்கும், ரப்பர் கிழமாகியிருக்கும். பஞ்சர் கடைவரை போக அது போதும், தினசரி 90 கிலோமீட்டருக்கு வேண்டாம்.

எந்த டயர் வாங்குவது? நிறுவனத்தின் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க விரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலேயே பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன, உங்கள் காரின் அளவில் நடுத்தர விலைக்கு நல்ல டயர் கிடைக்காமல் போகாது. கடையில் டயரைக் கையில் எடுத்து, பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அடிவரை அகலம் ஒரே மாதிரி இருக்கிறதா, புனலாகக் குறுகுகிறதா என்று விரலுக்கே தெரியும். பிறகு கீறலுக்குள் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பள்ளத்தின் ஆழத்தில் முக்கால் பங்காவது இறங்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3425 என்றால் 2025ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்ததை வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். நான்கு பேர் தினமும் போகிறீர்கள், எனவே டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண்ணும் இப்போது இருப்பதைவிடக் குறையக்கூடாது. கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று நீங்கள் மிச்சம் பிடித்தது டயருக்கு 1,500, நான்குக்கு 6,000 ரூபாய். 38,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 16 காசு. நான்கு பேர் பயணம் செய்கிறீர்கள், ஆளுக்கு 4 காசு. அன்று கையில் பணம் இல்லாதபோது எடுத்த முடிவைக் குறை சொல்லவில்லை. அடுத்த இரண்டு டயர்களையும் வரும் ஆண்டு ஆவணிக்குள் மாற்றியாக வேண்டும், அப்போது இந்தக் கணக்கு உங்கள் நினைவில் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வேண்டுமானால் உடன் வரும் மூவரிடமும் காட்டுங்கள்.

முன்னால் வரப்போகும் 4.3 டயர்களும் அதே மலிவு வகைதான் என்பதை மறக்க வேண்டாம். மழை பெய்யும்போது 70ஐத் தாண்டாதீர்கள். நீர் தேங்கிய இடத்தில் 50க்கு இறங்கிவிடுங்கள், அதையும் நீருக்குள் நுழைவதற்கு முன்பே. லாரிகள் ஓடி ஓடிக் குழிந்த தடங்களில்தான் தண்ணீர் நிற்கும். ஒரு முழம் தள்ளி ஓட்டினால் அதே சாலையில் தண்ணீர் பாதிதான் இருக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம் மிக மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். டெல்டாவில் இதோடு வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் உதிர்த்த களிமண்ணும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சேற்றுக்கு எந்த விலை டயரும் ஈடுகொடுக்காது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். இதிலும் உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு சூத்திரம் இருக்கிறது. 1960களில் நாசாவில் வால்டர் ஹார்ன் என்பவர், ஈர ஓடுபாதையில் விமான டயர்கள் வழுக்குவதை ஆராய்ந்தார். தண்ணீர் ஆழம் பள்ளத்தைவிட அதிகமாக இருக்கும்போது டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார். அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 30 பி.எஸ்.ஐ.க்கு 91 கிலோமீட்டர். காற்று இறங்கி 24 ஆகிவிட்டால் 82. விமான டயரை வைத்து எழுதிய சூத்திரம் அது. கார் டயர் சாலையில் படியும் தடம் அதைவிட அகலம், எனவே இதற்கும் முன்பே மிதக்கக்கூடும். ஆறு பி.எஸ்.ஐ. குறைவது கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது கிலோமீட்டர் வேகத்தின் பாதுகாப்பு அதில் போய்விடுகிறது. நான்கு பேர் ஏறும் நாட்களில் கதவுத் தாளில் முழுச் சுமைக்கு என்று போட்டிருக்கும் அளவை வையுங்கள்.

புதிய டயர்களை மாட்டியபின் முதல் 200 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். ஆலையில் வார்ப்பு அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுக்குப் பொருள் மேலே ஒட்டியிருக்கும், அது தேய்ந்து போக வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வெர்னியரை எடுத்து மறுபடி எல்லாப் பள்ளங்களையும் அளந்து எழுதி வையுங்கள். உள்ஓரமும் வெளிஓரமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அலைன்மென்ட் நிற்கவில்லை என்று பொருள், எனக்கு எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய டயர் இரண்டையும் கடைக்காரர் வாங்கிக்கொண்டு நூறோ இருநூறோ கழித்துக்கொள்வார். வெளிப்பக்கம் 3.2 இருப்பதால் அவை கறுப்புப் பூச்சோடு செகண்ட் ஹேண்ட் டயராகக் கடை வாசலில் நிற்கும். வாங்குபவர் குனிந்து உள்ஓரத்தைப் பார்க்க மாட்டார். அந்த நூறு ரூபாய் போனாலும் பரவாயில்லை அம்மா, இரண்டு டயர்களின் பக்கச்சுவரிலும் உங்கள் கண்முன்னே ஆழமாக ஒரு வெட்டுப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.